மரத்துக்குப் பசைப்பட்டி கட்டச் சொன்ன எலினோர் ஓமரோட்

எங்கள் கோமாரியில் தென்னை மரத்தின் நடுவில் தகரம் அடித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குரும்பை தின்ன ஏறும் எலி அதில் வழுக்கிக் கீழே விழும். இங்கிலாந்தின் அப்பிள் மரங்களில் இதே வேலையைப் பசை தடவிய தாள் செய்தது. அங்கே ஏறியது எலியல்ல, பறக்க முடியாத ஓர் அந்துப்பூச்சி. அதை எப்போது, எப்படி மறிப்பது என்று தோட்டக்காரருக்கு எழுதிவந்தவர் எலினோர் ஓமரோட் என்ற பெண்மணி.

1828 மே 11இல் செட்பரி பார்க் என்ற பெரிய வீட்டில் பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். சகோதரர்கள் பாடசாலைக்குப் போனார்கள். அவருக்குத் தாயே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1852இல், இருபத்து நான்காம் வயதில், வண்டுகளைப் பற்றிய ஒரு நூலை வாங்கி, வண்டுகளை அறுத்துப் பார்த்துப் பார்த்துத் தானே படித்தார். ஆசிரியர் யாரும் இல்லை. 1868இல் றோயல் தோட்டக்கலைச் சங்கம் பயிருக்கு நன்மையும் தீமையும் செய்யும் பூச்சிகளைத் திரட்டியபோது, தந்தையின் காணியில் வேலை செய்தவர்களைப் பூச்சி பிடித்துவரச் சொல்லி, சேர்ந்தவற்றை அனுப்பினார்.

தந்தை 1873இல் இறந்த பிறகே அவர் வாழ்க்கை அவர் கைக்கு வந்தது. 1877இல் ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டு விவசாயிகளுக்கு அனுப்பினார். எந்தப் பூச்சி, எந்த நாளில் முதலில் தென்பட்டது, எவ்வளவு சேதம், காலநிலை எப்படி என்று அவர் கேட்டார். பதில் கடிதங்கள் குவிந்தன. அவற்றைத் தொகுத்து 1900 வரை ஆண்டறிக்கை வெளியிட்டார். செலவு அவருடையது, சம்பளம் கிடையாது. படங்கள் வரைந்து துணைநின்றவர் தமக்கை ஜோர்ஜியானா.

பழத்தோட்டக்காரர்களை அதிகம் வாட்டியது குளிர்கால அந்துப்பூச்சி. ஆணுக்குச் சிறகு உண்டு. பெண்ணுக்கோ பெயரளவில் சிறு துண்டுகள்தான். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான குளிரில் வெளியே வந்து, அடிமரத்தில் நடந்து ஏறிக் கிளைகளில் முட்டையிடும். வசந்தத்தில் புழுக்கள் தளிரையும் பூவையும் தின்றுவிடும். நடந்துதான் ஏறவேண்டும் என்பதே அதன் பலவீனம். அடிமரத்தைச் சுற்றித் தாளைக் கட்டி அதன்மேல் கொழுப்புப் பசை தடவினால் பூச்சி ஒட்டிக்கொள்ளும். பட்டையில் நேரே தடவினால் மரம் கெடும், அதனால்தான் தாள். பசை காய்ந்தால் மறுபடி தடவவேண்டும். பிந்திக் கட்டினாலோ, பூச்சி ஏற்கெனவே மேலே போயிருக்கும். நாளைக் குறித்துவைக்கும்படி ஓமரோட் விடாமல் கேட்டதன் பெறுமதி இங்கேதான் தெரியும்.

2018 இறுதியில் நம் மாவட்டத்துச் சோளத்தைத் தின்ற சேனா படைப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. பெண் பூச்சியின் வாசனையைப் போன்ற மருந்து வைத்து ஆண் பூச்சிகளை இழுக்கும் பொறியில் எத்தனை விழுந்தன என்று எண்ணித்தான் அதன் வருகையை இப்போது கணிக்கிறார்கள்.

ஓமரோட் செய்ததெல்லாம் சரியென்று சொல்ல முடியாது. பசைப்பட்டி போதாத இடங்களில் பாரிஸ் பச்சை என்ற ஆர்சனிக் நஞ்சைத் தெளிக்கும்படி ஊக்குவித்தார், அதைப் பெருமையாகவும் நினைத்தார். வீட்டுச் சிட்டுக்குருவிகளை ஒழிக்கவேண்டுமென்று வாதாடிப் பலருடைய கோபத்தையும் சம்பாதித்தார். எதையும் தானே சோதித்துப் பார்க்கும் பிடிவாதக்காரர். நியூட் என்ற நீர்வாழ் பிராணியின் தோலில் நஞ்சு உண்டா என்று அறிய, உயிரோடு இருந்த ஒன்றின் வாலைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தார். வாயில் நுரை தள்ளி, உடலும் நடுங்கிய பின்புதான் சந்தேகம் தீர்ந்தது!

1882 முதல் பத்து ஆண்டுகள் றோயல் விவசாயச் சங்கத்தின் பூச்சியியல் ஆலோசகராக இருந்தார். தமக்கை 1896இல் காலமானார். பழமரப் பூச்சிகள் பற்றிய கைநூலை ஓமரோட் 1898இல் தனியாக முடித்தார். 1900 ஏப்ரலில் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ சட்டக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அங்கே அப்பட்டத்தைப் பெற்ற முதற்பெண் அவர்தான். அடுத்த ஆண்டு ஜூலை 19இல், சென்ற் அல்பன்ஸ் நகரிலிருந்த தன் வீட்டில் காலமானார்.