பட்டாணிய இளைஞர்க்குப் பொறுமையைக் கற்பித்த பெருமகன்



வீரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வாளேந்திய கைதான் உங்கள் மனக்கண்ணில் தோன்றும். ஆயுதத்தைக் கீழே வைக்குமாறு கேட்டு, அவ்வாறு வைத்தவர்களைக் கொண்டே ஒரு படையை அமைத்த முஸ்லிம் ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளியன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன். நம் பெரியவர்கள் எல்லை காந்தி என்று அழைத்து வந்த கான் அப்துல் கபார் கான் அவர்களே அப்பெருமகன். அந்தப் பட்டப் பெயர் அவருடைய ஒரு பக்கத்தை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். தாம் போதித்த பொறுமை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் கைக்கொண்ட ஆயுதமே என்றும், அதனை முஸ்லிம்களே மறந்துவிட்டார்கள் என்றும் அவர் தம் மக்களுக்கு எடுத்துரைத்து வந்ததை அப்பெயர் நமக்குச் சொல்வதில்லை.

பெஷாவருக்கு அருகிலுள்ள உத்மான்சாய் என்னும் சிற்றூரில் 1890-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை பஹ்ராம் கான் நிலக்கிழார். பட்டாணியரிடையே கொலைக்குக் கொலை என்பது குலக் கடமை. பாட்டன் பட்ட பகைக்குப் பேரன் துப்பாக்கி தூக்குவான். அப்படிப்பட்ட மண்ணிலே தம் பகைவரை மன்னித்துவிட்டு, அதனாலேயே பேரெடுத்தவர் பஹ்ராம் கான். மகன் பின்னாளில் நடத்திய பாடசாலைகளுக்கெல்லாம் முந்திய பாடசாலை அவ்வீடுதான் என்று கொள்வதில் தவறில்லை.

ஆங்கிலப் படையில் அதிகாரியாகும் வாய்ப்பு இளமையிலேயே அவரைத் தேடி வந்தது. ஆயினும் அப்படையிலிருந்த தம் நாட்டவர் ஒருவரை வெள்ளைக்கார அதிகாரி இழிவுபடுத்தியதைக் கண்ணாரக் கண்ட பின்னர் அதனை உதறித் தள்ளினார். 1910-இல், இருபதாம் வயதில், துரங்சாய் ஹாஜி சாஹிபின் துணையோடு தம் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறியாக வேண்டும். அப்பள்ளிக்கூடத்தை எதிர்த்தவர்கள் அரசாங்கத்தார் மட்டுமல்லர். அப்பகுதி முல்லாக்களிற் சிலரும் எதிர்த்தனர். உலகக் கல்வி கற்பவன் நரகத்திற்குரியவன் என்று அவர்கள் ஊரெங்கும் பேசித் திரிந்தனர். மதரஸாவில் ஓதி வெளிவந்த நான் இதனை எழுதும்போது வெட்கத்தால் தலை குனிகின்றேன். ஆனால் துரங்சாய் ஹாஜி சாஹிபும் மார்க்கப் பெரியவரே என்பதை எண்ணி ஆறுதலும் கொள்கின்றேன்.

முதற் பள்ளிகள் மூடப்பட்டன. சிறைவாசமும் வந்து போயிற்று. அவர் ஓயவில்லை. 1921-இல் மீண்டும் உத்மான்சாயில் ஆசாத் பள்ளியை நிறுவி, மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்தார். அரசாங்கத்தின் தலைமை அதிகாரி தந்தையை அழைத்து, மற்ற கான்களெல்லாம் வீட்டில் அமைதியாக இருக்கும்போது உம் மகனுக்கு மட்டும் ஏன் இந்த வேலை என்று கேட்டனுப்பினார். தந்தையும் வந்து மகனிடம் எடுத்துச் சொன்னார். எல்லோரும் தொழுகையை விட்டுவிட்டால் என்னையும் விட்டுவிடச் சொல்வீர்களா என்பதே மகன் கேட்ட கேள்வி. ஒருபோதும் சொல்லமாட்டேன் என்று தந்தை பதறினார். மக்களுக்குக் கல்வி புகட்டுவதும் எனக்கு அத்தகைய கடமையே என்று மகன் விளக்க, தந்தை மனநிறைவோடு திரும்பிப் போனார். அவ்வாண்டின் இறுதியிலேயே மகன் கைதாகி மூன்றாண்டுக் கடுங்காவல் அடைந்தார்.

1926-இல் ஹஜ் யாத்திரை சென்றபோது உடன் வந்த மனைவியை ஜெரூசலத்தில் இழந்தார். 1928-இல் ‘பக்தூன்’ என்ற பஷ்து மொழி ஏட்டைத் தொடங்கினார். அதிற் பெண்களும் எழுதினர் என்பதை நம் இல்லத்துத் தாய்மார்கள் அறிந்துகொள்ளட்டும்.

1929-இல் அவர் அமைத்த குதாயி கித்மத்கார் என்னும் இயக்கமே அவர் வாழ்வின் பெரும்பணி. இறைவனின் ஊழியர் என்பது அதன் பொருள். இறைவனுக்கு நம் ஊழியம் தேவையில்லையாதலால் அவன் படைப்புகளுக்கு ஊழியம் செய்வதே அவனுக்குச் செய்யும் ஊழியம் என்பது அவர் தந்த விளக்கம். இயக்கத்திற் சேர வந்த இளைஞன் முதலில் ஓர் உறுதிமொழி ஏற்க வேண்டும். வன்முறையில் இறங்குவதில்லை, பழி வாங்குவதில்லை, தனக்குக் கொடுமை செய்தவனை மன்னிப்பேன், நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பொதுப்பணி செய்வேன் என்றெல்லாம் அவன் வாக்களித்தான். பட்டாணியனுக்கு வாக்கு உயிரினும் மேலானது. பழிக்குப் பழியைக் காத்து நின்ற அதே வாக்குறுதிப் பற்றை மன்னிப்பின் காவலுக்கு அவர் திருப்பிவிட்டார். இதைவிட நுட்பமான கல்விமுறையை நான் கண்டதில்லை.

முகாம்களில் அணிவகுப்பும் நெடுநடையும் உண்டு. தளபதி முதலான பதவிகளும் உண்டு. துப்பாக்கி மட்டும் இல்லை. கிராமத்துத் தெருக்களைக் கூட்டினார்கள், நூல் நூற்றார்கள், பள்ளிகள் திறந்தார்கள். இந்துக்களும் சீக்கியரும் அவ்வணியில் இடம் பெற்றிருந்தனர். வெள்ளாடை விரைவில் அழுக்கானதால் தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் தோய்த்து உடுத்தினர். அதனால் செஞ்சட்டையர் என்ற பெயரும் வந்தது.

சோதனை விரைந்து வந்தது. 1930 ஏப்ரல் 23 அன்று கான் அவர்கள் கைதானார். பெஷாவரின் கிஸ்ஸாகானி கடைவீதியில் திரண்ட மக்கள்மீது படையினர் சுட்டனர். முன்னிருந்தவர் வீழ, பின்னிருந்தவர் முன்வந்து நின்றனர். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த நாட்டில், இயக்கத்து இளைஞர்கள் ஏற்ற வாக்கைக் காத்தனர். அன்று கார்வால் படைப்பிரிவினர் ஆயுதமற்ற மக்களைச் சுட மறுத்து, அதற்காகச் சிறையும் ஏற்றனர். அவர்கள் இந்துக்கள், எதிரே நின்றோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். அதன் பின்னர் இயக்கம் இலட்சம் பேர் அளவுக்குப் பெருகியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர்.

பிற்காலம் துயரமானது. பிரிவினையை எதிர்த்தவர், அது வந்துவிட்ட பின் 1948-இல் பாக்கிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். எனினும் அவ்வாண்டே சிறைப்பட்டார். ஆகஸ்டு 12 அன்று சார்சத்தாவுக்கு அருகே பாப்ராவில் அவருடைய தொண்டர்கள்மீது குண்டு பாய்ந்தது. இம்முறை சுட்டவர்களும் கலிமாச் சொன்னவர்களே. அப்போதும் பழி வாங்குமாறு அவர் எவரையும் ஏவவில்லை. இரு அரசாங்கங்களின் சிறைகளிலுமாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்தார். 1969-இல் இந்தியா வந்தபோது, குஜராத்தில் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தைக் கேட்டு மனம் வெதும்பி உண்ணாநோன்பிருந்தார். 1987-இல் இந்திய அரசு பாரத ரத்னா விருதளித்தது.

1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் அவர் உயிர் பிரிந்தது. தம்மை ஆப்கானிஸ்தானத்து ஜலாலாபாத்தில் அடக்கம் செய்யுமாறு அவர் விரும்பியிருந்தார். அங்கே அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. ஜனாஸாவுக்காகப் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. பல்லாயிரவர் கைபர் கணவாய் வழியே எல்லை கடந்து உடன் சென்றனர். ஆயினும் அந்நாளிலும் ஜலாலாபாத்தில் குண்டுகள் வெடித்து, அவரை அடக்கம் செய்ய வந்தோரிற் சிலர் வீடு திரும்பவில்லை.