எட்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்த பென்னிகுக்

தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம். அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரிலேயே பொங்கல் வைக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுக்கை கம்பம் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. ஆனால் அவர் ஓர் எத்தீமாக வளர்ந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1841-ல் புனேயில் பிறந்தவர். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுக்தான். ஆங்கிலேயப் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் சில்லியன்வாலாவில் சீக்கியப் படையுடன் நடந்த போரில் அவர் வீழ்ந்தார். அதே களத்தில் இருந்த 17 வயது மகன் அலெக்ஸாண்டர், தந்தையின் உடலைக் காக்கப் போய் தானும் உயிரிழந்தார். ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு இரண்டு மவுத்து. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைந்தது.

இப்படிப்பட்ட துக்கம் மனதோடு நிற்பதில்லை. தூக்கம் கெடும், பசி போகும், இரத்த அழுத்தம் ஏறும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும். நெருங்கியவரை இழந்த முதல் சில நாட்களில் மாரடைப்பு வரும் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடும் துயரத்தால் இதயத் தசையே தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் ஒரு நிலையை 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். நமக்கு இது புதிதல்ல. மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போனதை குர்ஆன் சொல்லித்தந்திருக்கிறது.

அழக்கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். ஒப்பாரியும் மார்பில் அடித்துக்கொள்வதும்தான் தடுக்கப்பட்டவை. துக்கம் அனுசரிக்க உறவினருக்கு மூன்று நாள், மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் என்று காலமும் வகுக்கப்பட்டிருக்கிறது. துக்கத்துக்கு இடமும் உண்டு, எல்லையும் உண்டு.

பென்னிகுக் முஸ்லிம் அல்லர். நம்மை ஆண்ட அரசின் அதிகாரி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் போன வழி கவனிக்கத்தக்கது. தந்தையையும் அண்ணனையும் பறித்த இதே நாட்டுக்கு, மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் அதிகாரியாக 1860-ல் வந்தார். இந்த மண்ணை வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். அவரோ பொதுப்பணித் துறையில் மேற்கே ஓடும் நதியைக் கிழக்கே திருப்பும் வேலையை ஏற்றார்.

1887-ல் வேலை தொடங்கியது. காடு, யானை, ஓயாத மழை. தடுப்புகளைக் கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மலேரியாவும் காலராவும் முகாம்களைச் சூறையாடின. நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்துச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதைக்கு ஆவணச் சான்று இல்லை. அந்தக் கதை இல்லாமலேயே அவர் பெரிய மனிதர்தான். எட்டு ஆண்டுகள், அழிந்ததை மறுபடி மறுபடி எழுப்பியதே போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உழைப்பு துக்கத்துக்கு மருந்துதான், ஆனால் அழாத துக்கத்தை மூடி வைக்கும் போர்வையாக அது ஆகிவிடக்கூடாது. மவுத்து வீடுகளில் இமாம்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பெண்களைச் சுற்றி உட்கார ஆள் இருக்கிறது. ஆண் நாலாம் நாள் கடையைத் திறந்துவிடுவார், அல்லது ஏலத் தோட்டத்துக்கு மலையேறிவிடுவார். தைரியசாலி என்று ஊர் மெச்சும். இரவில் தூங்குகிறாரா, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போடுகிறாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. வருடம் திரும்புவதற்குள் அவரையே மருத்துவமனையில் பார்க்கப் போகிறோம். தஃஸியத் என்பது மூன்று நாளுக்குள் ஒரு முறை கை கொடுத்துவிட்டு வருவதோடு சுருங்கிப்போனது நம் குறைதான். நாற்பது நாள் கழித்தும் ஒரு மாலையில் போய் அவருடன் தேநீர் குடித்து, இறந்தவரைப் பற்றி அவரைப் பேசவிடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போவதும் நம் பொறுப்பு. அது ஈமானில் குறையல்ல. நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்.

1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கி வைகைக்குப் போனது. அடுத்த ஆண்டு பென்னிகுக் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார். வயது 70.

அவர் கல்லறை அங்கே ஃப்ரிம்லி தேவாலய வளாகத்தில் இருக்கிறது. நோயில் மாண்ட தொழிலாளர்களின் அடக்கத்தலம் இங்கே அணைக்குப் பக்கத்தில், காட்டுக்குள் இருக்கிறது. அவர்களுக்கும் ஊரில் எட்டு வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.