தான் எழுதிய புரோகிராமைப் பார்த்தே பயந்துபோன விஞ்ஞானி... யார் இந்த ஜோசப் வைசன்பாம்?

1960-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம். கம்ப்யூட்டருடன் இணைக்கப்பட்ட டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பேராசிரியரின் செயலாளர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். சில பதில்கள் வந்ததுமே பேராசிரியர் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்கிறார்.

மெஷினிடம் தனியாகப் பேச வேண்டுமாம்!

இத்தனைக்கும் அது வெறும் புரோகிராம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பேராசிரியர் அதை மாதக்கணக்கில் எழுதியதைக் கூடவே இருந்து பார்த்தவர். வெளியே அனுப்பப்பட்ட அந்தப் பேராசிரியர்தான் ஜோசப் வைசன்பாம். புரோகிராமின் பெயர் எலிசா. இன்றைய சாட்பாட்களுக்கெல்லாம் பாட்டி.

வைசன்பாம் 1923-ல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிக்களிடம் இருந்து தப்பி, 1936-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். கணிதம் படித்தார், வங்கிக் காசோலைகளைக் கையாளும் கம்ப்யூட்டர் அமைப்பில் வேலை பார்த்தார், 1963-ல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார்.

எலிசாவுக்குள் அப்படி என்னதான் இருந்தது? பெரிதாக ஒன்றுமில்லை. மனநல ஆலோசகர் மாதிரி பேச வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் எழுதும் வாக்கியத்தில் முக்கியமான ஒரு சொல்லைத் தேடும். என் என்பதை உங்கள் என்று மாற்றி, கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கும். அம்மா என்று எழுதினால் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும். எதுவும் சிக்கவில்லையா? மேலே சொல்லுங்கள் என்று சமாளிக்கும். (ஆங்கிலத்தில் இது சுலபம். தமிழில் என்றால் வினைமுற்று விகுதியையும் மாற்றியாக வேண்டும், எலிசா திணறியிருக்கும்!)

சோகம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆனாலும் மக்கள் மனசைத் திறந்து கொட்டினார்கள். அந்த உரையாடல்களை எல்லாம் பதிவு செய்து படித்துப் பார்க்கலாமா என்று வைசன்பாம் யோசித்தபோது, அந்தரங்கத்தை வேவு பார்ப்பதாக அவர் மீதே புகார் வந்தது. மெஷினை நம்பியவர்கள், அதை உருவாக்கிய மனிதரை நம்பவில்லை.

அவரை உண்மையில் உலுக்கியது வேறு. கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர், இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கும் என்று 1966-லேயே எழுதினார். விளையாட்டு மாதிரி செய்ததை டாக்டர்களே சிகிச்சை என்கிறார்களே என்று அதிர்ந்துபோனார் வைசன்பாம்.

பத்து வருடம் கழித்து, 1976-ல் ஒரு புத்தகம் எழுதினார். கம்ப்யூட்டரால் முடியுமா என்பது கேள்வியே இல்லை, முடிந்தாலும் சில வேலைகளை அதனிடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் அவர் வாதம். நோயாளியின் வலியைக் கேட்பதும், நீதிமன்றத்தில் தீர்ப்பு சொல்வதும் அந்தப் பட்டியலில் வரும். கணக்கு போடுவது வேறு, இரக்கத்தோடு முடிவெடுப்பது வேறு என்றார்.

சக விஞ்ஞானிகளுக்கு இது பிடிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரையே கொடுத்த ஜான் மெக்கார்த்தி புத்தகத்தைக் கடுமையாக விமர்சித்தார். வைசன்பாம் பின்வாங்கவில்லை.

ராத்திரி 2 மணிக்கு ஏ.ஐ.யிடம் காதல் தோல்வியைச் சொல்லி அழுகிறவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய முடியாது. கேட்க ஆள் இல்லாதவருக்கு, கேட்பது போல இருப்பதே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைத்தான் வைசன்பாம் சந்தேகப்பட்டார்.

1996-ல் பெர்லினுக்கே திரும்பிய அவர், 2008 மார்ச் 5 அன்று 85 வயதில் காலமானார். எலிசாவின் மூல நிரல், 2021-ல் எம்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தில் அவருடைய பழைய காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது.