நிக்கொலா அப்பேர்

விளையுங் காலத்தில் மிகுந்தும், விளையாக் காலத்தில் அரிதாகியும் போவது உணவுப்பொருளின் இயல்பு. ஆதலால், மிகுந்த நாளில் கிடைப்பதைக் குறைந்த நாளுக்கெனக் காத்துவைக்கும் கலையை மக்கள் பண்டு தொட்டே பயின்று வந்துள்ளனர். தமிழகத்து இல்லங்களில் மாங்காயும் எலுமிச்சையும் உப்பில் ஊறி ஊறுகாயாகின்றன. சுண்டையும் மணத்தக்காளியும் வெயிலில் காய்ந்து வற்றலாகின்றன. கடற்கரை ஊர்களில் மீன் கருவாடாகின்றது. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளில் பணிபுரிய வெளியூரிலிருந்து வந்து தங்குவோர்க்கும் வீட்டு ஊறுகாயே உற்ற துணை. ஆனால், உப்பிலும் வெயிலிலும் பதப்பட்ட பொருள் தன் பழைய சுவையை இழந்து வேறொன்றாகிவிடுகிறது. சமைத்த உணவைச் சமைத்த நிலையிலேயே பல திங்கள் கெடாமல் காக்க வழி உண்டா? இவ்வினாவுக்கு விடை கண்டவர், பிரெஞ்சு நாட்டுச் சமையற்கலைஞர் நிக்கொலா அப்பேர் ஆவார்.

அப்பேர் 1749ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள், பிரான்சு நாட்டின் சாலோன் என்னும் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் விடுதி நடத்தி வந்தவர். ஆகவே, அடுப்பும் கலமும் அவருக்கு இளமை முதலே பழகிய பொருள்களாயின. வளர்ந்தபின் அவர் செருமானியச் சிற்றரசர் ஒருவரின் அரண்மனைச் சமையற்கூடத்தில் பணியாற்றினார். பின்னர்ப் பாரிசு நகரையடைந்து, 1784ஆம் ஆண்டில் இனிப்புப் பண்டங்கள் விற்கும் கடையொன்றைத் திறந்தார். பழங்களைச் சர்க்கரைப் பாகிலிட்டுக் காக்கும் முறையை அவர் நன்கு அறிந்திருந்தார். எனினும், அம்முறையில் பழத்தின் சுவை மறைந்து சர்க்கரையின் சுவையே ஓங்கி நின்றது அவர் மனத்தை உறுத்தியது.

அக்காலத்தில் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அப்பேரும் அதில் ஈடுபட்டார். 1794ஆம் ஆண்டில் சில காலம் சிறையிலும் வாடினார். விடுதலை பெற்றபின் அவர் அரசியலை நாடவில்லை. தம் ஆராய்ச்சியிலேயே ஆழ்ந்தார்.

அவர் கண்ட முறை மிக எளியது. வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் உணவை இட்டார்; தக்கையால் வாயை இறுக அடைத்தார்; தக்கை பிதுங்காவண்ணம் கம்பியால் கட்டினார். பின்னர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி, நீர் நிறைந்த கொப்பரையில் இறக்கி நெடுநேரம் கொதிக்கவைத்தார். எளிய முறையாயினும் அது எளிதில் கைகூடிற்றில்லை. சில புட்டிகள் வெடித்தன. சிலவற்றில் தக்கையின் சிறு பழுதால் உணவு கெட்டது. அப்பேர் சோர்ந்தாரல்லர். இறைச்சிக்கு எவ்வளவு நேரம், பட்டாணிக்கு எவ்வளவு நேரம், பாலுக்கு எவ்வளவு நேரம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துத் தேர்ந்தார். 1802ஆம் ஆண்டளவில் பாரிசுக்கு அருகிலுள்ள மாசி என்னும் ஊரில் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். நெடும்பயணத்தில் உப்பிட்ட இறைச்சியையே உண்டு நோயுற்ற மாலுமிகளுக்கு அவரது உணவு பெருநன்மையாகத் தோன்றியது. கடற்படையினர் அவருடைய புட்டிகளைச் சில திங்கள் வைத்திருந்து திறந்து பார்த்தபோது, உணவு சுவை குன்றாதிருக்கக் கண்டு வியந்தனர்.

1810ஆம் ஆண்டில் அவர் முன் இரு வழிகள் நின்றன. தம் முறைக்குத் தனியுரிமை பெற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம். அல்லது, 12,000 பிராங்கு பரிசு பெற்று, முறையை ஒளிவுமறைவின்றி நூலாக வெளியிடலாம். அப்பேர் இரண்டாவது வழியையே மேற்கொண்டார். இல்லத்தரசியர் தம் வீட்டிலேயே செய்துகொள்ளும் வண்ணம் தெளிவாக எழுதிய அவரது நூல், விரைவில் பிறமொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்டு என்பவர் இத்தகைய முறைக்குத் தனியுரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அங்கே தகரக் கலங்களில் உணவை அடைக்கும் தொழில் தழைத்தது.

1814ஆம் ஆண்டில் பகைவர் படை பிரான்சினுட் புகுந்தபோது, மாசியிலிருந்த தொழிற்சாலை அழிவுற்றது. அறுபது வயதைக் கடந்த அப்பேர், மீண்டும் தொடக்கத்திலிருந்தே உழைக்கலானார். 1822ஆம் ஆண்டில் மனிதகுலத்திற்கு நலம் செய்தவர் என்னும் சிறப்புப் பெயர் அவருக்கு வழங்கப்பட்டது. பெயர் வந்தது, பொருள் வரவில்லை. 1841ஆம் ஆண்டு சூன் முதல் நாள், தம் 91ஆம் வயதில் வறுமையிலேயே மறைந்தார். அவர் உடல் ஏழைகளுக்குரிய பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டது.

உணவு ஏன் கெடுகிறது என்பதை அப்பேர் அறிந்திலர். காற்றை நீக்குவதே காரணம் என்று அக்கால அறிஞர் எண்ணினர். கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்பதைப் பின்னர் லூயி பாஸ்டர் விளக்கினார். 1895ஆம் ஆண்டில் பெல்சியம் நாட்டில் பன்றியிறைச்சி உண்டோர் சிலர் நஞ்சேறி மாண்டனர். அதனை ஆராய்ந்த வான் எர்மெங்கம் என்னும் அறிஞர், காற்றில்லா இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்தார். அதன் வித்துக்கள் கொதிநீரிலும் மாய்வதில்லை. காற்றுப் புகாமல் மூடிய புட்டியே அதற்கு உகந்த இடமாகிவிடும்! அத்தகைய உணவு நிறத்தாலோ மணத்தாலோ தன் கேட்டை வெளிக்காட்டாமலும் இருக்கலாம்.

திறந்த கலத்தில் நீரின் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறாது. மூடிய கலத்தில் நீராவியை அடக்கினாலோ, அழுத்தம் மிகுந்து வெப்பமும் மிகும். சதுர அங்குலத்திற்கு 11 பவுண்டு அழுத்தம் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 116 பாகையை எட்டும். அவ்வெப்பத்தில், உரிய நேரம் வைத்திருந்தால், அவ்வித்துக்கள் அழியும். அப்பேரின் தொழிலை அவருக்குப் பின் ஏற்று நடத்திய செவாலியே என்பவர், அழுத்தமானி பொருத்திய கொப்பரையை 1852ஆம் ஆண்டளவில் அமைத்தார். இன்று வீடுகளில் உணவை அடைத்துக் காக்க உதவும் அழுத்தக் கலம் அதன் வழிவந்ததே.

எலுமிச்சை, புளி முதலிய புளிப்புப் பொருள்களில் அந்நுண்ணுயிர் வளர்வதில்லை. போதிய புளிப்புள்ளவற்றைப் புட்டியிலடைக்கக் கொதிநீரே போதும். புளிப்பற்ற காய்கறி, இறைச்சி, மீன் ஆகியவற்றுக்கு அழுத்தக் கலம் இன்றியமையாதது. அன்றாடம் சோறு வடிக்கும் சிறு பிரஷர் குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறுவதால், அதற்கு ஈடாகாது. கலத்தினுள் உள்ள காற்றை முதலில் ஆவியோடு வெளியேற்றிய பின்னரே எடைக்கட்டியை இடவேண்டும். சோதித்து வரையறுத்த நேரத்தில் ஒரு நிமிடமும் குறைத்தல் ஆகாது. மூடி உப்பியிருந்தாலும், ஐயம் எழுந்தாலும், சுவைத்துப் பார்க்காமல் அவ்வுணவை அகற்றிவிடுதலே அறிவுடைமை.

காரணம் தெரியாத நிலையிலும், ஒவ்வொரு பொருளுக்கும் உரிய நேரத்தைப் பொறுமையுடன் அளந்து கண்டவர் அப்பேர். தாம் கண்டதைத் தமக்கென மறைத்துக்கொள்ளாமல் உலகுக்கு ஈந்தவர் அவர். அவருக்கென்று தனிக் கல்லறை இல்லை. ஆயினும், உணவு அடைத்த புட்டி ஒவ்வொன்றும் அவர் புகழை ஓசையின்றி உரைத்துக்கொண்டேயிருக்கிறது.