பிரான்செஸ் மேரி பஸ்

பிரான்செஸ் மேரி பஸ் (ஆகஸ்ட் 16, 1827 - டிசம்பர் 24, 1894) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த கல்வியாளர். பெண்கல்வியின் முன்னோடிகளுள் ஒருவர். இலண்டனில் நார்த் இலண்டன் காலிஜியேட் பள்ளியை 1850 இலும், கேம்டன் பெண்கள் பள்ளியை 1871 இலும் நிறுவினார். தலைமை ஆசிரியை என்னும் பதவிப் பெயரை முதன்முதலில் தமக்குச் சூட்டிக்கொண்ட பெண் இவரே எனக் கருதப்படுகிறது. தம் குடும்பத்திற்குச் சொந்தமாக இருந்த பள்ளியைத் தாமாகவே முன்வந்து அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தது இவரது வாழ்வின் முதன்மையான செயலாகும். உரிமையாளரின் வாழ்நாளோடு முடிந்துவிடும் தனியார் பள்ளிக்கு மாறாக, தலைமுறைகளைக் கடந்து நிலைக்கும் பெண்கள் பகல்நேரப் பள்ளி என்னும் அமைப்பு இங்கிலாந்தில் பரவ அச்செயல் வழிகாட்டியாக அமைந்தது.

காலச் சூழல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் நடுத்தர வகுப்புச் சிறுவர்களுக்குப் பழமையான இலக்கணப் பள்ளிகளும் உறைவிடப் பள்ளிகளும் இருந்தன. இவற்றுள் பல, முன்னோர் விட்டுச்சென்ற அறக்கொடைகளின் வருவாயில் இயங்கின. சிறுமியருக்கு அத்தகைய வாய்ப்பு மிகக் குறைவு. வசதி படைத்தோர் வீட்டாசிரியைகளை அமர்த்திக்கொண்டனர். மற்றவர்கள் யாரேனும் ஓர் அம்மையார் தம் வீட்டிலேயே நடத்திய சிறு பள்ளிகளுக்குப் பெண்களை அனுப்பினர். அங்கு இசை, நடனம், ஓவியம், சிறிது பிரெஞ்சு மொழி, தையல் வேலை ஆகியவையே பெரும்பாலும் கற்பிக்கப்பட்டன. கணிதமும் அறிவியலும் இலத்தீனும் பெண்களுக்குத் தேவையற்றவை என்றும், அவர்களது உடல்நலத்திற்குக் கேடு விளைவிப்பவை என்றும் பரவலாக நம்பப்பட்டது.

திருமணமாகாத நடுத்தர வகுப்புப் பெண்கள் மதிப்புக் குறையாமல் பொருளீட்ட ஏறத்தாழ ஒரே வழியாக இருந்தது ஆசிரியத் தொழில். 1851 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 25,000 வீட்டாசிரியைகளைப் பதிவு செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் தாமே முறையாகக் கற்காதவர்கள். கல்லாதவர் கற்பிக்க, அவரிடம் கற்றவர் மீண்டும் அரைகுறையாகக் கற்பிக்கும் இச்சுழலை உடைப்பதே பிரான்செஸின் வாழ்நாள் பணியாயிற்று.

பிறப்பும் குடும்பமும்

பிரான்செஸ் இலண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை இராபர்ட் வில்லியம் பஸ் ஓவியர். செப்புத்தகட்டுச் செதுக்கோவியமும் செய்தவர். சார்லஸ் டிக்கின்ஸின் பிக்விக் பேப்பர்ஸ் புதினம் 1836 இல் தொடராக வெளிவந்தபோது, அதன் முதல் ஓவியர் இறந்துவிட, அவ்விடத்தில் சிறிது காலம் அமர்த்தப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டவர் இவர். தாயின் பெயரும் பிரான்செஸ். பெற்றோருக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளுள் மூத்தவர் பிரான்செஸ் மேரி. தந்தையின் தொழிலில் வருவாய் நிலையாக இல்லாததால் குடும்பம் அடிக்கடி பணமுடையில் சிக்கியது.

உள்ளூரிலிருந்த சிறு தனியார் பள்ளிகளில் பிரான்செஸ் பயின்றார். பதினான்காம் அகவையில், தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியையானார். பதினாறாம் அகவையில் சில வேளைகளில் பள்ளி முழுவதையும் தனியே கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. குழந்தைப் பருவத்திலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது பின்னாளில் அவரது சிந்தனையை ஆழமாகப் பாதித்தது எனலாம். உழைத்துப் பிழைக்க வேண்டிய பெண் அதற்கேற்ற கல்வியைப் பெற்றிருக்க வேண்டும் என்பதில் அவர் இறுதிவரை உறுதியாக இருந்தார்.

குடும்ப வருவாய்க்காக அவரது தாய் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1845 இல் கென்டிஷ் டவுன் பகுதியில் சொந்தமாகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பதினெட்டு அகவையான பிரான்செஸ் அதில் தாய்க்குத் துணை நின்றார்.

குயின்ஸ் கல்லூரி

வீட்டாசிரியைகளின் நலனுக்காக ஏற்படுத்தப்பட்டிருந்த அமைப்பின் முயற்சியால் 1848 இல் இலண்டன் ஹார்லி தெருவில் குயின்ஸ் கல்லூரி தொடங்கப்பட்டது. எஃப். டி. மாரிஸ், சார்லஸ் கிங்ஸ்லி போன்ற அறிஞர்கள் அங்கு விரிவுரையாற்றினர். பகலில் பள்ளியில் கற்பித்த பிரான்செஸ் அக்கல்லூரியின் மாலை விரிவுரைகளுக்குச் சென்று பயின்று சான்றிதழ்கள் பெற்றார். முறையான கல்வி என்றால் என்ன என்பதை அவர் முதன்முதலாக உணர்ந்தது அங்கேதான். பின்னாளில் செல்டன்ஹம் மகளிர் கல்லூரியின் தலைவராகிப் பெண்கல்விக்குப் பெரும்பணி ஆற்றிய டோரத்தியா பீல் என்பவரும் குயின்ஸ் கல்லூரியில் பயின்றவரே.

நார்த் இலண்டன் காலிஜியேட் பள்ளி

1850 ஏப்ரல் 4 அன்று பஸ் குடும்பத்தின் பள்ளி கேம்டன் தெருவிற்கு இடம் மாறி, நார்த் இலண்டன் காலிஜியேட் பள்ளி என்னும் புதிய பெயருடன் திறக்கப்பட்டது. அப்போது பிரான்செஸுக்கு அகவை 22. தொடக்கத்தில் 35 ஆக இருந்த மாணவியர் எண்ணிக்கை அவ்வாண்டு முடிவதற்குள் 115 ஆக உயர்ந்தது. வீட்டாசிரியைகள் நல அமைப்பின் செயலாளராக இருந்த டேவிட் லெயிங் என்னும் பாதிரியார் பள்ளிக்குப் பெருந்துணை புரிந்தார். தந்தை ஓவியமும் அறிவியலும் கற்பித்தார்; சகோதரர்களும் பாடம் நடத்தினர். ஆக, அக்காலத்தில் இது முற்றிலும் ஒரு குடும்பத் தொழிலாகவே இருந்தது.

மாணவியர் காலையில் வந்து படித்துவிட்டு வீடு திரும்பினர். உறைவிடப் பள்ளியை விடப் பகல்நேரப் பள்ளியில் செலவு குறைவு. மகளை வீட்டை விட்டுப் பிரித்து அனுப்ப விரும்பாத பெற்றோருக்கும் இம்முறை ஏற்றதாக இருந்தது. மருத்துவர், எழுத்தர், வணிகர், ஓவியர் எனப் பல தொழிலாளர்களின் மகள்கள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். தந்தையின் தொழிலையோ சமயப் பிரிவையோ காரணம் காட்டி எவரும் ஒதுக்கப்படவில்லை. பெற்றோர் விரும்பினால் சமய வகுப்பிலிருந்து மகளுக்கு விலக்குப் பெறலாம். சமூகத் தரம் பார்த்தே பெண்களைப் பள்ளியில் சேர்த்த அக்காலத்தில் இது துணிச்சலான ஏற்பாடாகும்.

பொதுத் தேர்வுகளும் எண்கணிதமும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளிச் சிறுவர்களுக்காக நடத்திவந்த உள்ளூர்த் தேர்வுகளைச் சிறுமியருக்கும் திறந்துவிட வேண்டும் என எமிலி டேவிஸ் என்பவர் இயக்கம் நடத்தினார். அதன் விளைவாக 1863 டிசம்பரில் வெள்ளோட்டமாக ஒரு தேர்வு நடைபெற்றது. எழுதிய 83 சிறுமியருள் 25 பேர் பிரான்செஸின் மாணவியர். பல பாடங்களில் அவர்கள் நன்கு எழுதினாலும், தேர்வெழுதிய சிறுமியருள் பலர் எண்கணிதத்தில் தோல்வியுற்றனர்.

இத்தோல்வியைப் பெண்களின் அறிவுக்குறைவுக்குச் சான்றாக அவர் கொள்ளவில்லை. கற்பிக்கும் முறையில் உள்ள குறையே காரணம் எனக் கொண்டு தம் பள்ளியின் கணிதப் பாடத்தைச் சீரமைத்தார். 1865 இல் அத்தேர்வுகள் சிறுமியருக்கு முறைப்படி திறக்கப்பட்டன. வெளியார் ஒருவர் வைக்கும் தேர்வே பள்ளியின் தரத்தைக் காட்டும் அளவுகோல் என்பது அவரது கருத்து. டோரத்தியா பீல் இத்தகைய போட்டியை அந்த அளவுக்கு விரும்பவில்லை. நண்பர்களான இருவரும் இதில் வேறுபட்டிருந்தனர்.

அரச ஆணையத்தின் முன் சாட்சியம்

இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளை ஆராய 1864 இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. இது டாண்டன் ஆணையம் என அழைக்கப்படுகிறது. எமிலி டேவிஸ் முதலியோரின் வேண்டுகோளை ஏற்று, பெண்கள் பள்ளிகளும் அதன் ஆய்வில் சேர்க்கப்பட்டன. 1865 இல் எமிலி டேவிஸும் பிரான்செஸும் ஆணையத்தின் முன் நேரில் சென்று சாட்சியம் அளித்தனர். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த அவையில் பேச பிரான்செஸ் பெரிதும் அஞ்சினார். இருப்பினும், தம் பள்ளியில் சேர வரும் சிறுமியரின் அடிப்படை அறிவு எவ்வளவு குறைவாக உள்ளது என்பதையும், ஆசிரியைகளுக்கு முறையான பயிற்சி தேவை என்பதையும் எடுத்துரைத்தார்.

1868 இல் வெளியான அறிக்கை, பெண்கள் பள்ளிகளில் அடிப்படைப் பாடங்கள் புறக்கணிக்கப்படுவதையும் வெளிப்பகட்டான கலைகளில் காலம் வீணாவதையும் கடுமையாகச் சுட்டியது. அதைத் தொடர்ந்து 1869 இல் இயற்றப்பட்ட அறக்கொடைப் பள்ளிகள் சட்டம், பழைய அறக்கொடைகளின் ஒரு பகுதியைப் பெண்கள் கல்விக்கும் பயன்படுத்த வழிவகுத்தது.

பள்ளியைப் பொதுவாக்குதல்

இதற்குள் பள்ளி நல்ல வருவாய் தரும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. தாய் 1861 இல் மறைந்துவிட்டார். பள்ளி பிரான்செஸின் சொந்தச் சொத்தாகவே இருந்தது. அவர் அதை அப்படியே நடத்தியிருந்தால் செல்வராக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தமக்குப் பின் பள்ளி என்னவாகும் என்னும் கேள்வி அவரை உறுத்தியது. தனிநபர் பள்ளிகள் உரிமையாளரின் இறப்பு, திருமணம், கடன் ஆகியவற்றால் மூடப்படுவது அக்காலத்தில் வழக்கமான நிகழ்வு.

எனவே 1870 இல் அவர் தம் பள்ளியை அறங்காவலர் குழு ஒன்றிடம் ஒப்படைத்தார். அதன் பின்னர் அவர் உரிமையாளர் அல்லர். குழுவிற்குக் கட்டுப்பட்ட, சம்பளம் பெறும் தலைமை ஆசிரியை மட்டுமே. இதனால் அவரது வருவாய் குறைந்தது. பள்ளியில் செய்யும் மாற்றங்களுக்குக் குழுவின் ஒப்புதலை நாட வேண்டியும் வந்தது.

1871 இல் பள்ளி கேம்டன் சாலையிலிருந்த பெரிய கட்டடத்திற்கு மாறியது. காலியான கேம்டன் தெருக் கட்டடத்தில் குறைந்த கட்டணத்தில் கேம்டன் பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டது. உயர் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களின் சிறுமியரும் தரமான கல்வி பெற வேண்டும் என்பதே இதன் நோக்கம். இங்குப் படித்தவர்கள் உதவித்தொகை பெற்று மேல் பள்ளிக்குச் செல்லவும் வழி இருந்தது.

பெண்கள் பள்ளிக்கு நிதி திரட்டுவது எளிதாக இல்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பின், புரூவர்ஸ் கம்பெனி என்னும் பழமையான இலண்டன் தொழிற்குழுவின் பொறுப்பிலிருந்த பிளாட் அறக்கொடையிலிருந்து உதவி கிடைத்தது. கிளாத்வொர்க்கர்ஸ் கம்பெனி என்னும் மற்றொரு தொழிற்குழு பேரவைக் கூடத்திற்கு நிதியளித்தது. சாண்டால் சாலையில் எழுப்பப்பட்ட புதிய கட்டடங்களை 1879 இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் திறந்து வைத்தனர்.

பள்ளியின் இயல்பு

முதன்மைப் பாடங்கள் காலை முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை நடைபெற்றன. பிற்பகல் நேரம் இசை, ஓவியம் போன்றவற்றிற்கும் வீட்டுப்பாடத்திற்கும் விடப்பட்டது. மாணவி நாளின் பாதியை வீட்டில் கழிக்க வேண்டும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். படிப்பு பெண்களின் உடலைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக உடற்பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் பள்ளியில் ஏற்படுத்தப்பட்டன.

விதிகள் மிகுதியாக இருந்தன. இப்பள்ளியில் 1880களில் பயின்ற எழுத்தாளர் மாலி ஹியூஸ், படிக்கட்டில் ஓடுவது, வகுப்பில் பேசுவது, எழுதுகோல் பெட்டியைக் கீழே போடுவது என அனைத்தும் அங்குக் குற்றமாகக் கருதப்பட்டதைத் தம் நினைவுக் குறிப்புகளில் கேலியுடன் விவரித்துள்ளார். தேர்வையே குறியாகக் கொண்ட கல்வி சிந்தனைக்கு இடம் தரவில்லை என்பதும் அவரது குறை. எனினும், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேரும்படி அவருக்கு வழிகாட்டியவரும் பிரான்செஸே. நூற்றுக்கணக்கான சிறுமியரை ஒரே கட்டடத்தில் வைத்துக் கற்பித்த முன்மாதிரி அப்போது இல்லை. சிறு ஒழுங்கீனமும் பெண்கல்வியின் எதிரிகளுக்கு ஆயுதமாகிவிடும் என்னும் அச்சமும் இக்கண்டிப்புக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிற பணிகள்

1874 இல் பிரான்செஸின் இல்லத்தில் கூடிய தலைமை ஆசிரியைகள் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அவர் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார். பெண்களுக்கான கிர்ட்டன் கல்லூரியை நிறுவும் முயற்சியில் எமிலி டேவிஸுக்குத் துணை நின்றார். பட்டம் பெற்ற பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி அளிக்க 1885 இல் கேம்பிரிட்ஜில் பயிற்சிக் கல்லூரி தோன்றவும் உழைத்தார். அதுவே இன்று ஹியூஸ் ஹால் என அழைக்கப்படுகிறது. பெண்களின் வாக்குரிமையையும் அவர் ஆதரித்தார்.

மரியா கிரே, அவரது சகோதரி எமிலி ஷிரெஃப் முதலியோர் 1872 இல் பெண்கள் பொதுப் பகல்நேரப் பள்ளிகள் கம்பெனியைத் தொடங்கியபோது பிரான்செஸின் பள்ளியையே முன்மாதிரியாகக் கொண்டனர். பொதுமக்களிடம் பங்குகளை விற்று நிதி திரட்டிய இந்நிறுவனத்தின் முதல் பள்ளி 1873 இல் செல்சியில் திறக்கப்பட்டது. தொடர்ந்து பல நகரங்களில் பள்ளிகள் எழுந்தன. 1906 இல் இது அறக்கட்டளையாக மாறியது.

மறைவு

இறுதி ஆண்டுகளில் உடல்நலம் குன்றிய நிலையிலும் பிரான்செஸ் பணியைத் தொடர்ந்தார். 1894 டிசம்பர் 24 அன்று இலண்டனில் தலைமை ஆசிரியைப் பொறுப்பில் இருந்தபோதே காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரையும் டோரத்தியா பீலையும் காதல் உணர்வற்றவர்கள் எனக் கேலி செய்யும் சிறு பாடல் ஒன்று இங்கிலாந்தில் நெடுங்காலம் வழங்கியது.

அவருக்குப் பின் சோஃபி பிரையன்ட் தலைமை ஆசிரியையானார். 1875 முதல் இப்பள்ளியில் கணிதம் கற்பித்த இவர், 1884 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆவார். மான்செஸ்டர் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக விளங்கிய சாரா பர்ஸ்டல், தொழிலாளர் நிலை குறித்து ஆராய்ந்த பொருளியலாளர் கிளாரா காலட் ஆகியோர் பிரான்செஸின் மாணவியருள் குறிப்பிடத்தக்கோர்.

இரு பள்ளிகளின் பின்னாளைய நிலை

பிரான்செஸ் நிறுவிய இரு பள்ளிகளும் இன்றும் இயங்குகின்றன. நார்த் இலண்டன் காலிஜியேட் பள்ளி 1929 இல் இலண்டனின் வடமேற்கில் உள்ள கேனன்ஸ் மாளிகையையும் அதன் நிலத்தையும் வாங்கி, 1940 இல் முழுமையாக அங்குக் குடியேறியது. அது கட்டணம் பெறும் தனியார் பகல்நேரப் பள்ளியாக உள்ளது. கேம்டன் பெண்கள் பள்ளி அரசு நிதியில் இயங்கும் கட்டணமில்லாப் பள்ளியாக மாறியது. பிரான்செஸ் அரும்பாடுபட்டு நிதி திரட்டிக் கட்டடம் எழுப்பிய சாண்டால் சாலையில் இன்று நடைபெறுவது இந்தப் பள்ளியே.