எம்.ஜி.ஆருக்கு வசனம் எழுதியவர், எம்.ஜி.ஆர். அலையில் ஜெயித்த கதை: யார் இந்த ஏ.வி.பி.ஆசைத்தம்பி?

1977 மார்ச். நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது தி.மு.க. ஆடிப்போனது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதற்குக் கிடைத்தவை வெறும் 2. ஒன்று திருப்பத்தூர். இன்னொன்று, ராயபுரமும் துறைமுகமும் அடங்கிய வடசென்னை. அங்கே ஜெயித்தவர் ஏ.வி.பி.ஆசைத்தம்பி.

இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்து 1951ல் வந்த ‘சர்வாதிகாரி’ படத்துக்கு வசனம் எழுதியவரே இவர்தான்!

ஆசைத்தம்பி சொந்த ஊர் வடசென்னை இல்லை, விருதுநகர். 1924ல் பிறந்தார். பெரியாரின் இயக்கத்தில் வளர்ந்து, 1949ல் தி.மு.க. உருவானபோது அண்ணாவுடன் வந்தார். பேச்சைக் கேட்டவர்கள் வைத்த பட்டம், ‘வாலிபப் பெரியார்’.

டிவி கிடையாது, வானொலி முழுக்க அரசின் கையில். அப்படியொரு காலத்தில் புதுக் கட்சிக்கு ஒலிபரப்பு என்றால் மேடை மைக், பத்திரிகை, சினிமா. இந்த மூன்றிலும் புகுந்து விளையாடியவர் ஆசைத்தம்பி. ‘தனி அரசு’ இதழை நடத்தினார்.

விலையும் கொடுத்தார். காந்தி கொலைக்குப் பிறகு அவர் எழுதிய ‘காந்தியார் சாந்தியடைய’ நூலுக்காக 1950ல் கைதானார். சிறையில் சாதாரணக் குற்றவாளிபோல மொட்டையடித்தார்கள். ஒரு புத்தகத்துக்கா இப்படி என்று கொந்தளிப்பு கிளம்பியது.

1957ல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்து 15 இடங்களைப் பிடித்தது. ஆயிரம் விளக்கில் வென்ற ஆசைத்தம்பி அந்த 15 பேரில் ஒருவர்.

அடுத்த திருப்பம், எமர்ஜென்சி. 1976 ஜனவரி 31ல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. தி.மு.க.வினர் மிசாவில் உள்ளே போனார்கள், ஆசைத்தம்பியும்தான். சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டனர். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தே போனார்.

இரண்டே மாதத்தில் தேர்தல். எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க., இந்திராவின் காங்கிரஸுடன் கைகோத்திருந்தது. 1967லிருந்து வடசென்னை எம்.பி.யாக இருந்த நாஞ்சில் மனோகரனும் எம்.ஜி.ஆர். பக்கம் போயிருந்தார். மாநிலம் முழுக்க அந்தக் கூட்டணி அள்ளியபோது வடசென்னை முரண்டு பிடித்தது. கிராமத்தில் சினிமா முகம் ஜெயித்தது; மிசா கொடுமை பக்கத்துத் தெருச் செய்தியாக இருந்த சென்னையில் கணக்கு வேறு என்றுதான் படிக்கத் தோன்றுகிறது.

அந்தப் பதவிக்காலத்தை அவர் முடிக்கவில்லை. 1979ல் மறைந்தார், 55 வயதுகூட நிறையவில்லை. 1980 தேர்தலில் வடசென்னையைத் தி.மு.க.வின் ஜி.லட்சுமணன் தக்கவைத்தார். இந்த முறை கூட்டணி, அதே இந்திராவுடன்.