அணுவைக் கண்ட அம்மையார்

அணுவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று வகுப்பில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். பார்க்காத ஒன்று இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எப்படிப் படம் வரைகிறார்கள்? விடை தேடியபோது டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையாரின் வரலாறு கிடைத்தது.

இவர் 1910-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் எகிப்திலுள்ள கெய்ரோ நகரில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். இங்கிலாந்தில் இவர் படித்த பள்ளியில் ரசாயனம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய பாடம். சிறப்பு அனுமதி பெற்று இவரும் இன்னொரு மாணவியும் அவ்வகுப்பில் அமர்ந்தனர். பதினாறாவது பிறந்த நாளுக்குத் தாயார் வில்லியம் பிராக் எழுதிய நூல் ஒன்றைப் பரிசளித்தார். எக்ஸ் கதிர்களால் படிகத்திற்குள் அணுக்களின் அமைப்பைக் காணலாம் என்று அதில் இருந்தது. தோழியரே, அப்போது அவர் என்னைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவர்!

ஆனால் எக்ஸ் கதிர்ப் படத்தில் அணு விழுவதில்லை. வெறும் புள்ளிகளே விழும். அவற்றின் கருமையை அளந்து, ஆயிரக்கணக்கான கூட்டல்களைச் செய்தால், எலெக்ட்ரான்கள் எங்கே செறிந்துள்ளன என்று காட்டும் வரைபடம் கிடைக்கும். நம் அட்லஸில் மலைகளைக் காட்டும் சமஉயரக் கோடுகளைப் போன்றது அது. உயர்ந்த சிகரம் ஓர் அணு. சிறிய மேடு என்றால்? அணுவாகவும் இருக்கலாம், அளவையில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். ஹைட்ரஜனுக்கு ஒரே எலெக்ட்ரான் ஆதலால் பெரும்பாலும் அது தென்படுவதே இல்லை. எந்த உயரத்திற்கு மேல் எழுந்தால் அணு என்று ஒப்புக்கொள்வது? இன்று கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்தி அணுக்களைக் காட்டவும் மறைக்கவும் முடிகிறது. டோரத்தி அதைக் கையால் கோடு வரைந்து முடிவு செய்தார். அந்தக் கைகளையோ 28-ஆம் வயதிலேயே மூட்டுவாதம் தாக்கியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினின் அமைப்பைப் பற்றி அறிஞர்களிடையே பெரும் வாக்குவாதம். நான்கு அணுக்களாலான சிறு வளையம் அதில் இருப்பதைப் புகழ்மிக்க ராபர்ட் ராபின்சன் ஏற்கவில்லை. 1945-இல் டோரத்தியின் வரைபடத்தில் அவ்வளையம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்து பி12 வைட்டமின். ஹைட்ரஜன் நீங்கலாகவே அதில் 93 அணுக்கள்! 1948-இல் தொடங்கிய அப்பணி 1956-இல் நிறைவேறியது. 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது.

என்னை மிகவும் கவர்ந்தது இன்சுலின் கதைதான். 1934-இல் அதன் முதல் படத்தை எடுத்த இரவு, மகிழ்ச்சியில் உறக்கமின்றி ஆக்ஸ்ஃபோர்டுத் தெருக்களில் நடந்தாராம். அவருடைய அளவைகளைக் கொண்டே வேறொருவர் இன்சுலினின் வடிவம் இதுதான் என்று சில ஆண்டுகளில் அறிவித்தார். அது தவறாயிற்று. டோரத்தி அவசரப்படவில்லை. புள்ளிகள் அவ்வளவு சொல்லவில்லை என்பதே அவர் கருத்து. சுமார் 800 அணுக்கள் கொண்ட அந்த மூலக்கூறை அவர் குழு 1969-இல்தான் வெளியிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள்! அக்குழுவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற எம். விஜயனும் இருந்தார்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. இன்னும் நுட்பமான வரைபடங்களைக் கணித்து, இன்சுலினைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளில் எவை தெளிவாகத் தெரிகின்றன, எவை மங்கலாக உள்ளன என்று குழுவினருடன் ஆராய்ந்தார். அந்த நீண்ட கட்டுரை 1988-இல் வெளிவந்தபோது அம்மையாருக்கு வயது 78. 1994-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் காலமானார்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு